கரண்ட் போனாலும் எழுதியது போகக் கூடாது: லினக்ஸ் லேப்டாப் ஹைபர்நேட் ஆகாவிட்டால் அக்காவின் டிப்ஸ்

"அக்கா, ஆறு பக்கமும் போச்சு."

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் தம்பி போனில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவன் அம்மாவோடு கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறான். நான் குன்னூரில். முந்தின ராத்திரி அடித்த காற்றில் சில்வர் ஓக் மரம் ஒன்று மின்கம்பி மேல் சாய்ந்து ஊரே இருட்டு. கொழுந்து பறிக்கிற அம்மாமார்களிடம் எடுத்த பேட்டியைக் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக டெக்ஸ்ட் எடிட்டரில் டைப் செய்துகொண்டிருந்திருக்கிறான். 'மூடி வைத்தால் தூங்கும், காலையில் திறந்து தொடரலாம்' என்று நம்பி லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டான். ஒரு தடவைகூட சேவ் செய்யவில்லை. விடியும்போது பேட்டரி காலி, அதோடு ஆறு பக்கமும் காலி.

மலையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த கஷ்டம். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஆனி ஆடியில் மழை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டம் காட்டும். பைக்காரா தண்ணீரில் 1932லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மாவட்டம்தான் எங்கள் நீலகிரி. ஆனாலும் மரம் விழுந்து கம்பி அறுந்தால், மழைக்குள் லைன்மேன் அண்ணன்மார் ஏறிக் கட்டும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், மலையில் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஹைபர்நேட் கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

தம்பி வைத்திருக்கும் லேப்டாப் முதலில் என்னுடையது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்த வருஷம் பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கிடைத்தது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. 2 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டு, பேட்டரி மாற்றி, இப்போது டெபியன் லினக்ஸோடு ஓடுகிறது. பாஸும் டெபியனிலிருந்து வந்ததுதான். அதனால் நான் சொல்கிற வழி பாஸ், உபுண்டு, மின்ட் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றபின், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு விஷயம். டெர்மினலில் அடிக்க வேண்டியதை, தம்பிக்குப் போனில் சொன்ன மாதிரியே உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன். நீ அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வரும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

1. சஸ்பெண்ட் வேறு, ஹைபர்நேட் வேறு

எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற நேரத்தை நினைத்துக்கொள். யார் எத்தனை கிலோ என்பதைக் கணக்கப்பிள்ளை மனசிலேயே வைத்திருந்தால், அவர் விழித்திருக்கும்வரைதான் அந்தக் கணக்கு. அசந்து தூங்கினால் போயிற்று. அதையே நோட்டில் எழுதி பீரோவில் பூட்டிவிட்டுப் போனால், மறுநாள் யார் வந்து திறந்தாலும் கணக்கு அப்படியே இருக்கும்.

சஸ்பெண்ட் என்பது மனசில் வைத்திருப்பது. திறந்திருக்கும் வேலை எல்லாம் ரேமில் இருக்கும். ரேமுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பழைய பேட்டரி ஒரு ராத்திரி தாங்காது.

ஹைபர்நேட் என்பது நோட்டில் எழுதி வைப்பது. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் ஸ்வாப் என்ற இடத்தில் எழுதிவிட்டு மெஷின் முழுசாக அணைந்துவிடும். மூணு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. திரும்பப் போடும்போது லினக்ஸின் கெர்னல் அந்த ஸ்வாப்பைத் தேடிப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆக, இரண்டே கேள்வி. எழுதி வைக்க நோட்டில் இடம் இருக்கிறதா? காலையில் வருகிறவருக்கு நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரியுமா? நான் இதுவரை சரிசெய்த ஹைபர்நேட் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள்தான் அடங்கின.

2. கை வைக்கும் முன் செய்ய வேண்டியது

முக்கியமான ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்து வை. சார்ஜரைச் செருகு. மாற்றப் போகிற ஒவ்வொரு அமைப்பு ஃபைலுக்கும் ஒரு நகல் எடு. லினக்ஸ் போட்ட பூட்டபிள் பென் டிரைவ் ஒன்று கையில் இருக்கட்டும். ஏதாவது தப்பாகி மெஷின் திறக்காவிட்டால் அதை வைத்து உள்ளே போய் பழைய நகலைத் திரும்ப வைத்துவிடலாம். இந்த அரை மணி நேர வேலைக்குச் சோம்பல் படாதே கண்ணு.

3. எங்கே இடறுகிறது என்று முதலில் பார்

கண்டபடி அமைப்புகளை மாற்றாதே. ஒரு சோதனை செய். எடிட்டரில் ஒரு வரி டைப் செய். டெர்மினலைத் திறந்து 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ஹைபர்நேட்' என்று அடி. சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் மூன்று எழுத்தும் ஒட்டி வரும். பிறகு கவனி. நான்கில் ஒன்று நடக்கும்.

அ. உடனே ஒரு பிழைச் செய்தி தந்து மறுக்கும்.
ஆ. திரை கறுக்கும், ஆனால் அணையாது. அப்படியே நிற்கும், அல்லது சில விநாடியில் திரும்ப வந்துவிடும்.
இ. ஒழுங்காக அணையும். திரும்பப் போட்டால் எதுவும் தெரியாத மாதிரி புதுசாகத் தொடங்கும்.
ஈ. எல்லாம் திரும்ப வரும், ஆனால் வைஃபை, சத்தம், திரை இதில் ஏதோ ஒன்று வராது.

அ-வும் ஆ-வும் தூங்கப் போவதில் உள்ள கோளாறு. இ-யும் ஈ-யும் எழுந்திருப்பதில் உள்ள கோளாறு. எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அந்த வழியில் மட்டும் போ. மெனுவில் ஹைபர்நேட் பட்டனே இல்லை என்று பயப்படாதே. உபுண்டு 12.04-லிருந்தே அதை மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். டெர்மினலில் வேலை செய்தால் போதும், பட்டனைப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம்.

4. மறுக்கிறதா? நோட்டில் இடம் பார்

'ஃப்ரீ' என்று அடித்து ஒரு இடம் விட்டு '-ஹெச்' போடு. மெம் என்ற வரியில் ரேம் எவ்வளவு, ஸ்வாப் என்ற வரியில் ஸ்வாப் எவ்வளவு என்று வரும். தம்பி படித்துச் சொன்னான்: "ரேம் 7.6, ஸ்வாப் 2.0 அக்கா." அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. 2 ஜிபி ரேம் இருந்த காலத்தில் போட்ட ஸ்வாப் அது. ரேமை நான்கு மடங்கு ஆக்கினோம், ஸ்வாப்பைத் தொடவே இல்லை. நாற்பது பேர் கணக்கை எழுத வேண்டிய இடத்தில் பத்து பேருக்கான தாள்தான் இருந்தது.

ஸ்வாப் குறைந்தது ரேம் அளவுக்காவது இருக்கட்டும், இரண்டு ஜிபி கூடுதலாக இருந்தால் நிம்மதி. கெர்னல் எழுதும்போது சுருக்கித்தான் எழுதும். ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குள் அடக்கத்தான் முதலில் பார்க்கும். அதனால்தான் சிலருக்குச் சின்ன ஸ்வாப்பிலும் ஒரு நாள் வேலை செய்யும், பிரவுசரில் முப்பது டேப் திறந்திருக்கும் இன்னொரு நாள் மறுக்கும். 'நேத்து போச்சு, இன்னைக்குப் போகலை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் ஸ்வாப் அளவைத்தான் கேட்பேன்.

இன்னொன்றையும் பார். 'ஸ்வாப்ஆன் --ஷோ' என்று அடித்தால் ஸ்வாப் எங்கே இருக்கிறது என்று காட்டும். அதில் 'இசட்ராம்' என்ற பெயர் மட்டும் இருந்தால், அது ரேமுக்குள்ளேயே இருக்கும் ஸ்வாப். அணைத்தால் அதுவும் சேர்ந்து அழியும். ஹைபர்நேட்டுக்கு உதவாது. ஃபெடோரா லினக்ஸில் 2020-லிருந்து இதுதான் வழக்கமாக வருகிறது. டிஸ்க்கில் தனி ஸ்வாப் ஒன்று நீயேதான் போட வேண்டும்.

5. இடம் இருந்தும் மறுக்கிறதா? செக்யூர் பூட்டைப் பார்

இது புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. 'கேட் /சிஸ்/பவர்/ஸ்டேட்' என்று அடி. சிஸ் என்பது எஸ், ஒய், எஸ். வருகிற சொற்களில் 'டிஸ்க்' இருந்தால் கெர்னல் ஹைபர்நேட்டுக்குத் தயார். இல்லையென்றால் பயாஸில் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா என்று பார். அது ஆனில் இருந்தால் பல லினக்ஸ்களில் கெர்னல் பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொண்டு ஹைபர்நேட்டைத் தடுத்துவிடும். டிஸ்க்கில் எழுதி வைத்ததை யாராவது மாற்றிவிட்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதை அது.

அதை ஆஃப் செய்வது உன் முடிவு. ஆனால் அதே மெஷினில் விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் போன்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், மீட்புச் சாவி எண்ணை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள். செக்யூர் பூட்டை மாற்றினால் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது.

6. ஸ்வாப்பைப் பெரிதாக்கு

இரண்டு வழி உண்டு. டிஸ்க்கில் தனிப் பகுதியாக ஸ்வாப் இருந்தால், பூட்டபிள் பென் டிரைவில் ஏறி ஜிபார்ட்டெட் என்ற கருவியால் பக்கத்துப் பகுதியைச் சுருக்கி, பழைய ஸ்வாப்பை அழித்துவிட்டுப் பெரிதாகப் புதுசாக ஃபார்மேட் செய்யலாம். நாங்கள் அப்படித்தான் 10 ஜிபி ஆக்கினோம். இந்த வேலைக்கு நான் கோத்தகிரி பஸ் ஏறி வீட்டுக்கே போனேன். டிஸ்க்கைப் பிரிக்கும் வேலையைப் போனில் சொல்லிச் செய்ய வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பகுதிகளைத் தொடப் பயமாக இருந்தால் ஸ்வாப்பை ஒரு ஃபைலாகவே போடலாம். உபுண்டு 17.04-லிருந்து அப்படித்தான் தருகிறது. புதிய ஃபைல் உருவாக்கி, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 என்று அனுமதி கொடுத்து, 'எம்கேஸ்வாப்' கட்டளையால் ஸ்வாப் ஆக்கி, 'ஸ்வாப்ஆன்' கொடு. பிறகு 'ஈடிசி' ஃபோல்டரில் உள்ள 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் ஒவ்வொரு முறையும் தானாக ஏறும்.

7. அணைகிறது, ஆனால் புதுசாகத் தொடங்குகிறதா? முகவரி தப்பு

ஸ்வாப்பைப் பெரிதாக்கியபின் எங்களுக்கு அடுத்த கோளாறு வந்தது. லேப்டாப் சமர்த்தாக அணைந்தது. திரும்பப் போட்டால், வழக்கத்தைவிட அரை நிமிஷம் கூடுதலாக நின்று யோசித்துவிட்டு, புதுசாகத் தொடங்கியது. அந்த அரை நிமிஷத்தை விட்டுவிடாதே, துப்பு அங்கேதான் இருக்கிறது. கெர்னல் ஸ்வாப்பைத் தேடி, பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்று நீளமான அடையாள எண் ஒன்று உண்டு. ஸ்வாப்பைப் புதுசாக ஃபார்மேட் செய்தால் அந்த எண் மாறிவிடும். பக்கத்தில் இன்னொரு லினக்ஸ் போடும்போதும் இன்ஸ்டாலர் பல சமயம் ஸ்வாப்பை ஃபார்மேட் செய்துவிடும். அப்போது முதல் லினக்ஸின் ஹைபர்நேட் கெட்டுப்போகும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

இப்படிச் சரிபார்:

'சுடோ பிஎல்கேஐடி' என்று அடி. ஸ்வாப் என்று இருக்கும் வரியில் யூயூஐடி வரும். அதை எழுதிக்கொள்.

அடுத்து 'ஈடிசி' ஃபோல்டரில் 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்', அதற்குள் 'கான்ஃப்.டி', அதற்குள் 'ரெஸ்யூம்' என்ற ஃபைல். டெபியன், உபுண்டு, பாஸ் குடும்பத்தில் இதுதான் இடம். அதைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணோடு ஒப்பிடு.

எஃப்எஸ்டேப் ஃபைலிலும் ஸ்வாப் வரியில் அதே எண் இருக்கிறதா என்று பார்.

அன்றைக்கு நான் வேண்டுமென்றே தம்பியையே படிக்கச் சொன்னேன். ஒரு எண்ணின் கடைசி நான்கு எழுத்தைப் படித்தான். ஃபைலில் இருந்ததையும் படித்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ரெண்டும் வேற அக்கா!" என்றான். அவனே கண்டுபிடித்ததால் இனி அவனுக்கு மறக்காது.

ரெஸ்யூம் ஃபைலில் பெரிய எழுத்தில் ரெஸ்யூம், சமக்குறி, பெரிய எழுத்தில் யூயூஐடி, சமக்குறி, பிறகு சரியான எண் என்று எழுது. நடுவில் இடம் விடாதே. சேவ் செய்து 'சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' அடி. பலர் இந்தக் கடைசிக் கட்டளையை மறந்துவிடுகிறார்கள். ஃபைலை மட்டும் மாற்றினால் போதாது, மெஷின் தொடங்கும்போது முதலில் படிக்கிற சின்னத் தொகுப்புக்குள் புது முகவரி போய்ச் சேர வேண்டும்.

வேறு வகை லினக்ஸ்களில் இதே முகவரியை, மெஷினைத் தொடக்கிவிடும் கிரப்பில் கொடுக்க வேண்டியிருக்கும். ஈடிசி, டீஃபால்ட், கிரப் என்ற ஃபைலில் கெர்னல் கட்டளை வரியில் சின்ன எழுத்தில் ரெஸ்யூம் என்று சேர்த்து, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். ஸ்வாப் ஃபைலாக இருந்தால் இரண்டு தகவல் தேவை: ஃபைல் இருக்கும் பகுதியின் யூயூஐடி, அந்தப் பகுதிக்குள் ஃபைல் தொடங்கும் இடத்தின் எண். வீதிப் பெயரோடு வீட்டு எண்ணும் சொல்கிற மாதிரி. 'சுடோ ஃபைல்ஃப்ராக் -வி' என்று அடித்து ஸ்வாப் ஃபைலின் பெயரைக் கொடுத்தால், முதல் வரியில் ஃபிசிகல் ஆஃப்செட் என்பதன் கீழ் வரும் முதல் எண்தான் அது. இது ஈஎக்ஸ்டி4 டிஸ்க்குக்கு. பிடிஆர்எஃப்எஸ் டிஸ்க்கில் இந்த எண் தப்பாக வரும், அதற்கென்று தனிக் கட்டளை உண்டு. ஸ்வாப் ஃபைலை அழித்து மறுபடி உருவாக்கினால் தொடங்கும் இடமும் மாறும், திரும்பக் கொடுக்க வேண்டும்.

8. கறுத்து நிற்கிறதா? யார் விழித்திருக்கிறார்கள் என்று பார்

ஹைபர்நேட் ஆகும்முன் கெர்னல் எல்லா வேலைகளையும் அசையாமல் நிறுத்தும். அதற்கு 20 விநாடி அவகாசம் கொடுக்கும். யாராவது ஒருவர் நிற்காவிட்டால் முயற்சியைக் கைவிட்டுத் திரும்ப வந்துவிடும். போனை யூஎஸ்பியில் செருகி ஃபோல்டரைத் திறந்து வைத்திருப்பது, நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் திறந்து வைத்திருப்பது, பாதியில் நிற்கும் பென் டிரைவ் காப்பி, இவையெல்லாம் இப்படி மாட்டி வைக்கும். முதலில் எல்லாவற்றையும் முறையாக எஜெக்ட் செய்து கழற்றிவிட்டு முயற்சி செய்.

அப்படியும் நின்றால், பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்பப் போட்டு, 'ஜர்னல்சிடிஎல் -பி -1' என்று அடி. போன தடவை நடந்த எல்லாம் பதிவாக வரும். கடைசிப் பக்கத்துக்குப் போ. 'பிஎம்' என்று தொடங்கும் வரிகளையும், 'ஃபெயில்டு' என்ற சொல் வரும் வரிகளையும் பார். எந்த டிரைவர் பெயர் அங்கே இருக்கிறதோ அதன் மேல்தான் சந்தேகம்.

இன்னும் துல்லியமாகத் தெரிய கெர்னலிலேயே சோதனை வசதி உண்டு. '/சிஸ்/பவர்' ஃபோல்டரில் 'பிஎம்_டெஸ்ட்' என்ற ஃபைல் இருக்கும். ரூட்டாக நுழைந்து, அதில் 'ஃப்ரீசர்' என்று எழுதி ஹைபர்நேட் கொடு. வேலைகளை நிறுத்திப் பார்த்து, 5 விநாடி கழித்துத் திரும்ப வந்துவிடும். அது சரியாக நடந்தால் 'டிவைசஸ்', அடுத்து 'பிளாட்ஃபார்ம்', 'ப்ராசசர்ஸ்', 'கோர்' என்று ஒவ்வொரு படியாக ஏறு. எந்தப் படியில் திரும்ப வரவில்லையோ அங்கேதான் கோளாறு. முடிந்ததும் 'நன்' என்று எழுதி வைக்க மறக்காதே. இல்லாவிட்டால் சோதனையே நடந்துகொண்டிருக்கும், நிஜமாக அணையாது.

பிளாட்ஃபார்ம் படியில் மாட்டினால் பயாஸோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஈடிசி, சிஸ்டம்டி, ஸ்லீப்.கான்ஃப் என்ற ஃபைலில் 'ஹைபர்நேட்மோட்' (ஹெச், எம் மட்டும் பெரிய எழுத்து) என்பதை 'ஷட்டவுன்' ஆக்கிப் பார். பயாஸின் தயவை எதிர்பார்க்காமல் சாதாரணமாக அணைப்பதுபோல அணையும். அணைந்த உடனே தானாக எழுந்துகொள்கிற லேப்டாப்புக்கும் இது பல சமயம் மருந்து.

9. எழுந்தபின் வைஃபை வரவில்லையா?

வைஃபை டிரைவரை ஒரு முறை கழற்றி மாட்டிப் பார். 'சுடோ மாட்ப்ரோப் -ஆர்' என்று அடித்து டிரைவர் பெயரைக் கொடுத்தால் கழலும். '-ஆர்' இல்லாமல் கொடுத்தால் மாட்டும். அதில் சரியானால், தூங்கும்முன் கழற்றி எழுந்தபின் மாட்டும்படி சிஸ்டம்டியின் 'சிஸ்டம்-ஸ்லீப்' ஃபோல்டரில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்துவிடலாம். என்விடியா கார்டு இருந்து திரை மட்டும் கோலம் போட்டது மாதிரி வந்தால், அவர்களுடைய டிரைவரோடு வரும் சஸ்பெண்ட், ஹைபர்நேட், ரெஸ்யூம் என்ற மூன்று சேவைகளும் ஆனில் இருக்கின்றனவா என்று பார். கெர்னல் அப்டேட் போட்ட அன்று, ஹைபர்நேட் செய்யும்முன் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிடு.

10. இரண்டு ஓஎஸ் இருந்தால் இந்த ஒன்றை மீறவே மீறாதே

லினக்ஸை ஹைபர்நேட்டில் வைத்துவிட்டு, அவசரத்துக்கு விண்டோஸில் ஏறி, இரண்டுக்கும் பொதுவான டிரைவில் ஃபைல் சேர்க்காதே. தூங்கும் லினக்ஸ் அந்த டிரைவ் பழைய நிலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எழுந்து பழைய கணக்கின்படி எழுதினால் டிரைவே குழம்பி ஃபைல்கள் அழியும். நீ பாதி எழுதிய கணக்கு நோட்டில் இன்னொருவர் வந்து நடுவில் எழுதிவிட்டுப் போனால் என்ன ஆகுமோ அதுதான் இது.

விண்டோஸ் பக்கமும் அப்படித்தான். விண்டோஸ் 8-லிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பது அரை ஹைபர்நேட். ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையாது. லினக்ஸில் அந்த டிரைவ் படிக்க மட்டும் திறக்கிறது, எழுத முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். விண்டோஸின் பவர் அமைப்பில் அதை ஆஃப் செய்துவிடு.

11. பேட்டரி இறங்கினால் தானாக ஹைபர்நேட் ஆகட்டும்

கையால் செய்தால் வேலை செய்கிறதா? இனி அதைத் தானியங்கி ஆக்கு. தம்பி மாதிரி அசந்து தூங்கிவிடும் பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான காவல்.

ஈடிசி ஃபோல்டரில் 'யூபவர்', அதற்குள் 'யூபவர்.கான்ஃப்'. இரண்டிலும் யூ, பி பெரிய எழுத்து. அதில் 'கிரிட்டிக்கல்பவர்ஆக்‌ஷன்' என்பதை 'ஹைபர்நேட்' ஆக்கு, ஹெச் பெரிய எழுத்து. மேலே மூன்று சதவீத வரிகள் இருக்கும்: லோ, கிரிட்டிக்கல், ஆக்‌ஷன். இவை 25, 20, 15 என்று இறங்குவரிசையில் இருக்கட்டும். வரிசை தப்பினால் நீ கொடுத்ததை விட்டுவிட்டு தன் பழைய எண்களையே எடுத்துக்கொள்ளும். வழக்கமாக வரும் 2 சதவீதம் நமக்கு ஆகாது. பழைய பேட்டரி 12 காட்டிக்கொண்டே சட்டென்று அணையும். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் பாதி எழுதிய நோட்டு எதற்கும் உதவாது.

மூடியை மூடினால் நேராக ஹைபர்நேட் ஆகவும், முதலில் சஸ்பெண்ட் ஆகிக் கொஞ்ச நேரம் கழித்து ஹைபர்நேட் ஆகவும் வழி உண்டு. ராத்திரி கரண்ட் நிற்காத ஊரில் இரண்டாவது வசதி. நமக்கு முதலாவதே மேல்.

12. குளிருக்கும் ஈரத்துக்கும்

மார்கழி, தையில் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும்போது பேட்டரியின் திறன் குறையும். உறைகிற குளிரில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் கெட்டுப்போகும். வெளியே குளிரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பை உடனே போடாதே, அரை மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் காய்ந்துவிடும். சூடேற்றுகிறேன் என்று கும்பட்டி அடுப்புப் பக்கத்தில் வைக்காதே. அந்தக் கும்பட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு நீயும் தூங்காதே, அதிலிருந்து வரும் நச்சு வாயு உயிரை எடுத்துவிடும்.

ஹைபர்நேட் கொடுத்ததும் லேப்டாப்பைப் பைக்குள் திணிக்காதே. பவர் லைட் அணையும்வரை பார். எஸ்எஸ்டியில் சீக்கிரம் முடியும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நிமிஷத்துக்கு மேலும் ஆகலாம். சுழலும் டிஸ்க் பஸ் குலுக்கலைத் தாங்காது.

13. எல்லாம் முடிந்ததும் மூன்று முறை சோதி

ஒரு தடவை வேலை செய்தால் நம்பாதே. சாதாரணமாக ஒரு முறை, பிரவுசரில் நிறைய டேப் திறந்து ஒரு முறை, சார்ஜரைக் கழற்றி ஒரு முறை என்று மூன்று சோதனை வை. மூன்றிலும் விட்ட இடத்திலேயே திரும்ப வந்தால்தான் வேலை முடிந்தது. பிறகு ரேம் அளவு, ஸ்வாப் அளவு, யூயூஐடி, மாற்றிய ஃபைல்களின் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதி லேப்டாப் பைக்குள் வை. அடுத்த வருஷம் நீயே மறந்திருப்பாய். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012-லிருந்து கணியம் குழுவினர் லினக்ஸ் பற்றி எளிய தமிழில் எழுதி வருவதைத் தேடிப் படி. இதையெல்லாம் உன் பக்கத்து ஊரில் மழை தொடங்கும்முன் முடித்துவிடு.

எங்கள் மூன்றாவது சோதனையில் தம்பி எடிட்டரில் 'அம்மா டீ போடுறாங்க' என்று டைப் செய்தான். ஹைபர்நேட் கொடுத்தான். லைட் அணைந்தது. சார்ஜரையும் கழற்றி வைத்தோம். வெளியே மூடுபனி. அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்தபின் பட்டனை அழுத்தினான். அந்த வரி அப்படியே இருந்தது, 'றாங்க'வுக்குப் பக்கத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவன் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. போன ஆறு பக்கத்தையும் தன் குறிப்பு நோட்டைப் பார்த்து அந்த வரிக்குக் கீழேயே திரும்ப டைப் செய்ய ஆரம்பித்தான்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவனிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். ஹைபர்நேட் என்னதான் ஒழுங்காக வேலை செய்தாலும், கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டுத்தான் படு.